மூன்று கரண்ட் பில்கள்

கொட்டாஞ்சேனையில் பாடசாலைச் சீருடை தைத்து விற்கும் ஓர் இடத்தில் பதினொரு வருடமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். கட்டிடம் பழையது. கீழே கடை. முதல் மாடியில் துணி வெட்டும் மேசையும் பதினெட்டுத் தையல் மெசின்களும். அதற்கு மேலே, அஸ்பெஸ்டஸ் சீற் கூரைக்கு நேர் கீழே, தைத்த உடுப்புகளை அயன் பண்ணி, மடித்து, பெட்டியில் அடுக்கும் பகுதி. அங்கே நான்கு பெண்கள் வேலை செய்தார்கள்.

மின்சாரக் கட்டணம் ஏறியபின் வந்த ஒரு திங்கட்கிழமை காலையில் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே ஒரு மெசினோடு வந்து இந்த இடத்தை உண்டாக்கியவர். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், குரலைத் தணித்துக்கொள்வார். அன்று குரல் மிகவும் தணிந்திருந்தது.

"வாசியுங்கோ" என்று கரண்ட் பில்லை என் பக்கம் தள்ளினார்.

வாசித்தேன். முந்தின வருடம் இதே மாதத்துக்குக் கட்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

"சீசன் முடிஞ்ச மாசத்திலயே இப்பிடி எண்டால், சீசனில நான் என்ன செய்யிறது பிள்ளை? மேல்மாடியை மூடப் போறன். அயன் வேலையை வெளியில குடுப்பம். ஒருத்தனோட கதைச்சிட்டன்."

"மேல நிக்கிற நாலு பேரும்?"

"ஒரு மாசச் சம்பளம் குடுத்து அனுப்புவம். எனக்கும் விருப்பமே? வேற வழி சொல்லுங்கோ பாப்பம்."

 'ஒரு மாசச் சம்பளம்' என்ற சொல் என்னை உலுக்கிவிட்டது. இருபத்தேழு வயதில், வெள்ளவத்தையில் நான் வேலை பார்த்த ஒரு சிறிய அலுவலகத்தில் என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். கையில் ஓர் உறையைத் தந்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அன்று வீட்டுக்குப் போகப் பயந்து, கடற்கரை ரயில்பாதை ஓரத்துக் கற்களில் வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு கிழமை முழுக்க வேலைக்குப் போவதுபோலப் புறப்பட்டுப் போய் வந்தேன்.

"மூண்டு பில் வரைக்கும் பொறுங்கோ ஐயா" என்றேன். "அதுக்குள்ள நான் குறைச்சுக் காட்டுறன்."

"எவ்வளவு குறைப்பியள்?"

யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். "மூண்டில ஒரு பங்கு."

அவர் சிரித்தார். "மெசினுகளைக் காலால மிதிக்கப் போறியளே? சரி. மூண்டு பில். அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை."

 பதினொரு வருடத்தில் இந்தக் கட்டிடத்தின் மீட்டரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது எங்கே இருக்கிறது என்று காவலாளியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். படிக்கட்டுக்குக் கீழே, பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், மரப்பலகை அடித்த ஒரு சிறிய பெட்டிக்குள் இருந்தது. பெட்டிகளை விலக்கி, தூசி தட்டி, ஓர் அப்பியாசக் கொப்பியில் அன்றைய எண்ணை எழுதினேன். அன்று முதல் காலையில் வந்தவுடன் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, வீட்டுக்குப் போகுமுன் ஒருமுறை என்று எழுதத் தொடங்கினேன். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு இன்னொன்று. மெசின்கள் ஓடத் தொடங்குமுன் எண்ணை எடுக்க வேண்டும் என்பதற்காக அரை மணித்தியாலம் முந்திப் புறப்பட்டேன்.

முதல் கிழமையிலேயே ஒன்று பிடிபட்டது. சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் அணைத்து, நானே மூன்று தளமும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு எண்ணை எழுதினேன். திங்கள் காலையில் அது கூடியிருந்தது. ஞாயிறு ஒருவரும் உள்ளே வரவில்லை. ஆளில்லாத வீட்டில் யாரோ சாப்பிட்டுவிட்டுப் போனதுபோல இருந்தது.

எனக்குத் தெரிந்த வயரிங் வேலைக்காரர் ஒருவர் கொம்பனித்தெருவில் இருந்தார். எங்கள் ஃபிளாட்டில் வேலை செய்த முஸ்லிம் மனிதர். அண்ணன் என்ற அர்த்தத்தில் அவரை நானா என்று கூப்பிடுவேன். அவரை வரச்சொன்னேன். வயரைக் கவ்விப் பிடித்தால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் ஒரு கருவியோடு வந்தார். எல்லா சுவிட்ச்களையும் அணைக்கச் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். கால் மணித்தியாலம் போயிருக்கும். கட்டிடத்தின் பின்புறம் தண்ணீர் மோட்டர் தானாக உறுமத் தொடங்கியது.

"மிஸ், இப்ப ஆராச்சும் தண்ணி தொறந்தயா?"

"ஒருத்தரும் இல்லை நானா."

"அப்ப தண்ணி எங்கயோ ஒழுகுது. டேங்க் கொறஞ்சா மோட்டர் ஓடும். இது ராப்பகலா இப்பிடித்தான் ஓடிட்டே ஈக்கும்."

முதல் மாடிக் கழிவறையில், சுவரோடு சுவராக, சத்தமில்லாமல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமோ தெரியாது. எல்லோரும் அந்த ஈரத்தில் கால் வைத்துத்தான் போய் வந்தோம். ஒரு வால்வை மாற்றினார், அவ்வளவுதான். அடுத்த திங்கள் காலையில் மீட்டர் எண் கிட்டத்தட்ட அசையாமல் இருந்தபோது படிக்கட்டின் கீழே நின்று தனியாகச் சிரித்தேன்.

முதல் வந்த அன்று, நானா போகுமுன் சுவிட்ச்களைத் திரும்பப் போடச் சொல்லி, தையல் மெசின்களின் அடியில் குனிந்து கருவியை மாட்டினார். மெசினில் யாரும் இல்லை. ஆனால் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"இது பழைய மாதிரி மோட்டர் மிஸ். கால எடுத்தாலும் உள்ளுக்கு சுத்திட்டே ஈக்கும். தைக்கக்குள்ள மட்டும் ஓடுற புது மோட்டரும் இப்ப ஈக்கி. அது வரைக்கும் எழும்பிப் போறப்ப சுவிட்ச நிப்பாட்டச் செல்லுங்க."

சொல்வது சுலபம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் கூட்டி, இடத்தைவிட்டு எழும்பினால் மோட்டரை அணைக்க வேண்டும் என்றேன். வெட்டிய துணி வரக் காத்திருக்கும்போதும் அணைக்க வேண்டும். மூத்த தையற்காரி ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எங்களுக்குத் துண்டுக் கணக்கில சம்பளம். சுவிட்சைத் தேடித் தேடிக் குனிஞ்சால் எங்கட துண்டு குறையும். அதை ஆர் தருவினம்?"

நியாயமான கேள்வி. சுவிட்ச் மேசைக்கு அடியில், முழங்காலுக்கும் உள்ளே இருந்தது. நானாவைத் திரும்பக் கூப்பிட்டு, பதினெட்டு சுவிட்ச்களையும் மேசையின் வலது விளிம்புக்கு மாற்றினோம். கை நீட்டினால் எட்டும். அதன் பிறகு ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தேநீர் நேரத்தில் மெசின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்க, அந்தத் தளத்தில் முதன்முறையாக வெளியே போகும் முச்சக்கரவண்டியின் சத்தம் கேட்டது.

அடுத்தது அயன். தலைக்கு மேலே தண்ணீர்ப் போத்தல் தொங்கும் பெரிய ஸ்டீம் அயன்கள் இரண்டு, காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரை வரை சூடாகவே இருந்தன. நானாவின் கருவி காட்டிய எண்ணைப் பார்த்தபோது, மற்றதெல்லாம் சில்லறை என்று விளங்கியது.

அயன் வேலைக்குப் பொறுப்பானவர் களனியிலிருந்து வரும் ஒரு சிங்களப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கே என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். இத்தனை வருடம் கொட்டாஞ்சேனையில் வேலை செய்து தமிழ் நன்றாகப் பிடித்திருந்தது. நான் கொப்பியோடு மேலே போய், அயனை நேரம் குறித்து, நாளுக்கு நாலு மணித்தியாலம்தான் பாவிக்க வேண்டும் என்று சொன்னதும் அவர் முகம் கறுத்தது.

"அயன் நாலு மணித்தியாலம் எண்டா, எனக்கும் நாலு மணித்தியாலமா மிஸ்? அரைச் சம்பளமா?"

அப்போதுதான் உறைத்தது. மேல்மாடியை மூடப்போகிறார்கள் என்ற கதை எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. நான் கொப்பியோடு வருவதைப் பார்த்து, கணக்கெடுத்து அனுப்பத்தான் வருகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

கொப்பியை மூடிவிட்டு, நடந்ததை முழுவதும் சொன்னேன். மூன்று பில், மூன்றில் ஒரு பங்கு, எல்லாம். "சம்பளம் குறையாது அக்கே. அயன் இல்லாத நேரம் பட்டன் தைக்கலாம், பெட்டி அடுக்கலாம். அதுக்கு நான் பொறுப்பு."

 அவர் அயனைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"மிஸ் கேக்கல்ல, நான் சொல்லல்ல" என்றார். "முதல்ல பாவாடை மடிப்பு செய்யணும், அதுக்குத்தான் நல்ல சூடு வேணும். பிறகு காற்சட்டை. கடைசி சேர்ட். கடைசி பத்து சேர்ட்டுக்கு அயன் ஓஃப் பண்ணி வைச்சாலும் சூடு இருக்கு, காணும். இப்ப கீழ இருந்து எல்லாம் கலந்து வருது. ஒரு பாவாடை, ரெண்டு சேர்ட், திரும்ப பாவாடை. அதனால முழு நாளும் சூடு."

எத்தனை வருடமாக இது தெரியும் என்று கேட்டேன்.

"வந்த நாளில இருந்து."

அடுத்த நாள் முதல் உடுப்புகளை வகை பிரித்து இரண்டு தடவையாக மேலே அனுப்பினோம். காலையில் இரண்டரை மணித்தியாலம், மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு. இடையில் அயன்கள் அணைந்திருந்தன. முதல் இரண்டு நாள் வேலை பின்தங்கியது, மூன்றாம் நாள் சரிவந்தது.

முதல் பில் வந்தது. குறைந்திருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "ம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த 'ம்' எனக்குள் ஒரு வெறியை மூட்டிவிட்டது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். யன்னலோர மெசின்களுக்கு மேல் இருந்த டியூப் லைட்களைக் கழற்றினேன். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலைப் பூட்டி வைத்து, நாளுக்கு இரண்டு முறை மட்டும் திறந்தேன். மேல்மாடியில் மூன்று ஃபேன்கள் இருந்தன. இரண்டை நிறுத்தி, ஒன்றை மட்டும் ஓடவிட்டேன். "ரெண்டு மாசம் பொறுங்கோ, உங்களுக்காகத்தான்" என்றேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்காகத்தான் என்று சொன்ன பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

அது வெயில் ஏறும் காலம். சீற் கூரை காலை பத்து மணிக்கே கொதித்தது. பெட்டி அடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். இருபத்துநாலு வயது, ஹட்டன் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அதிகம் பேசமாட்டாள். ஒரு புதன்கிழமை மத்தியானம், வெட்டும் மேசையருகே நான் நின்றபோது மேலே ஏதோ விழுந்த சத்தமும் பின்னால் கூக்குரலும் கேட்டன.

ஓடிப் போனேன். அவள் பெட்டிகளுக்கு நடுவில் சரிந்து கிடந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. அயன் அக்கே அவள் தலையை மடியில் வைத்து ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்றொருத்தி உள்ளங்கால்களைத் தேய்த்தாள். நான் போய்க் குனிந்ததும் அக்கே என்னைப் பார்த்தார். அவரை நான் அவ்வளவு கோபத்தோடு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

"மிஸ் கீழ கடைக்குப் போய் ஒருக்காப் பாருங்க. அங்க பொம்மைக்குக் குளிர் பிடிக்குது. இங்க மனுசருக்குக் காத்து இல்ல."

நானும் காவலாளியும் அவளை முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழி முழுக்க அவள் கை என் கைக்குள் இருந்தது. சூடாக, ஈரமாக. டாக்டர் சோதித்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது, ஓய்வு வேண்டும் என்றார். அவள் கண் திறந்து, "மன்னிச்சுக்கங்க அக்கா, வேலை நின்னு போச்சு" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

திரும்பி வந்ததும் முதலில் மேலே போய் மூன்று ஃபேன்களையும் போட்டேன். பிறகு கடைக்குள் போனேன். தினமும் கடந்து போகும் இடம்தான், ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு ஏசி, இரண்டும் பதினெட்டில். கண்ணாடிக் கதவு வாடிக்கையாளருக்கு வசதியாக நாள் முழுவதும் கல் வைத்துத் திறந்து விடப்பட்டிருந்தது. குளிர் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு தாயும் பிள்ளையும். சுவரோரமாக ஆறு பொம்மைகள், கழுத்துப்பட்டியும் காலுறையும் போட்டு, ஏசிக்கு நேரே நின்றன. விற்பனைப் பெண் குளிருக்குச் சால்வை போர்த்தியிருந்தாள்.

கடையை நான் இத்தனை நாளும் தொடவில்லை. அது முதலாளியின் இடம். பயம் என்றுதான் சொல்லவேண்டும். குறைப்பது என்று வந்ததும், எதிர்த்துக் கதைக்காதவர்களிடமிருந்தே குறைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் முதலாளியின் அறைக்குப் போனேன். நடந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார். மருந்துச் செலவைத் தான் பார்ப்பதாகச் சொன்னார்.

"ஐயா, கடை ஏசியை இருபத்தாறில வைக்கவேணும். கதவை மூடி வைக்கவேணும். பின்னேர வெயில் படுற கண்ணாடிக்குத் திரை போடவேணும்."

"சனம் பிள்ளையளோட வந்து உடுப்புப் போட்டுப் பாக்கிற இடம். வேர்த்து ஒழுகினால் அடுத்த கடைக்குப் போயிடும்."

"ஃபேனும் சேர்த்துப் போட்டால் வேர்க்காது. போன கிழமை உங்கட கடையில நிக்கிற பிள்ளை குளிரில தும்மித் தடிமனாகி ரெண்டு நாள் லீவு எடுத்தவள்."

"கடையை எப்பிடி நடத்திறது எண்டு எனக்குச் சொல்லித் தரவே வந்தனீங்கள்?" குரல் தணிந்துவிட்டது.

போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். 

"நீங்கள் என்னட்டத் தந்தது முழுக் கட்டிடத்தின்ர பில் ஐயா. மேல்மாடியின்ர பில் இல்லை. மேல குறைக்கிறதுக்கு இனி ஒண்டும் இல்லை. நான் குறைச்சதால ஒரு பிள்ளைத்தாய்ச்சி விழுந்து போனாள். அது என்ர பிழை. இன்னொருக்கா அதை நான் செய்யமாட்டன்."

"நீங்கள் போகலாம்" என்றார்.

கதவு வரை போய்த் திரும்பினேன். "ஓடர் கடதாசியள் கையெழுத்து வைக்கக் கிடக்கு. இண்டைக்கு ரெண்டு மணிக்கு மேல்மாடிக்கு வந்து வைப்பியளோ? அரை மணித்தியாலம்தான்."

 வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் படிக்கட்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. முழங்கால் வருத்தம் வந்ததிலிருந்து அவர் மேல்மாடிக்கு ஏறியதேயில்லை என்று பிறகு காவலாளி சொன்னார். மூச்சு வாங்கியபடி வந்து நின்றார். அக்கே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். மூன்று ஃபேன்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அவை சுழற்றியது சுடுகாற்றைத்தான். நான் கடதாசிகளை நீட்டினேன். நாலாவது கையெழுத்தில் அவருடைய முழங்கை பட்ட இடம் ஈரமாகி மை பரவியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். பிறகு அடுக்கிய பெட்டிகளைப் பார்த்தார்.  எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்துவிட்டு எழும்பி, கைபிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில், நான் மீட்டர் எண்ணை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"கதவுக்குத் தானா மூடுற ஸ்பிரிங் ஒண்டு போடுங்கோ. சனம் குறைஞ்சால் உங்களைத்தான் கேப்பன். கூரைக்கு என்ன செய்யலாம் எண்டு உங்கட வயரிங்காரரைக் கேளுங்கோ."

கூரைக்கு வயரிங்காரர் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நானாவுக்கு ஆள் தெரியும். சீற்றின் மேல் வெள்ளைப் பெயின்ட் இரண்டு பூச்சுப் பூசினால் சூடு குறையும் என்று ஒருவரைக் கூட்டி வந்தார். வழியை மறித்துக் கிடந்த சாமான் அடுக்கும் பழைய இறாக்கைகளைத் தூக்கி, எதிரெதிராக இருந்த இரண்டு யன்னல்களையும் திறந்தோம். ஒன்றை யாரோ ஒரு காலத்தில் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அக்கேயே சுத்தியலை வாங்கி ஆணிகளைப் பிடுங்கினார். துறைமுகப் பக்கமிருந்து காற்று உள்ளே வந்தபோது மடித்து வைத்த சேர்ட்கள் படபடத்தன. ஒருத்தி ஓடிப்போய் அவற்றின் மேல் கத்தரிக்கோலை வைத்தாள்.

கடை ஏசிகளைத் திறந்து துப்புரவாக்கியபோது வடிகட்டியில் துணித்தூசி கம்பளிபோல அப்பியிருந்தது. இருபத்தாறில் வைத்தும் யாரும் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு அம்மா, "ஏசி வேலை செய்யேல்லையோ?" என்று கேட்டார். விற்பனைப் பெண் ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டாள். அவர் மூன்று சோடி வாங்கிக்கொண்டுதான் போனார்.

யன்னலோர லைட்களைத் திருப்பி மாட்டினேன், குறைந்த கரண்டில் எரியும் புது வகையாக. கேத்தல் பூட்டைத் திறந்து சாவியைக் குப்பையில் போட்டேன்.

மயங்கி விழுந்த அந்தப் பெண் திரும்பி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கோவில் வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, ஒற்றை அறை. அவள் கணவன் வாசலிலேயே நின்று கதைத்தான். மரியாதையாகத்தான் கதைத்தான்.

"நீங்க வந்ததே போதுங்க. ஆனா இனி அனுப்ப மாட்டேங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

மேல்மாடியில் இப்போது காற்று வருகிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவன் சொன்னது சரி. அவளுக்கு வரவேண்டியதை முதலாளியோடு கதைத்து முழுதாக வாங்கிக் கொடுத்தேன். பிறகு பெண் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டேன். நான்கு பேரைக் காப்பாற்றப் புறப்பட்டு, அதில் ஒருத்தியை நானே இழந்தேன். இதை இன்றுவரை எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியவில்லை.

இடையில் வந்த இரண்டாவது பில் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. மூன்றாவது பில் வந்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"குறைஞ்சிருக்கு" என்றார். "ஆனால் இந்த மாசம் வருசப்பிறப்பு லீவெல்லாம் வந்தது. மூடிக் கிடந்தால் குறையும்தானே?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அப்பியாசக் கொப்பியை விரித்தேன். லீவு நாட்களை விட்டுவிட்டு, வேலை நாள் ஒன்றுக்கு எத்தனை யூனிட் என்று மூன்று மாதத்துக்கும் பிரித்து எழுதியிருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில், அவள் விழுந்த அன்றைக்கு, மாலை எண்ணை எழுத மறந்திருந்தேன். அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர் விரல் அதில் கொஞ்சம் நின்று, பிறகு கீழே போனது.

"மூண்டில ஒண்டு வரேல்லை" என்றார் கடைசியில்.

"ஓம், வரேல்லை. கொஞ்சம் குறைவு. அந்த மோட்டருகளை மாத்தினால் வரும். பதினெட்டையும் ஒரேயடியா மாத்தத் தேவையில்லை. மாசம் மூண்டு. ஆறு மாசத்தில முடிஞ்சிடும்."

"மோட்டருக்குக் காசு ஆர் குடுக்கிறது?"

"நீங்கள்தான். இவ்வளவு நாளும் வீணாப் போனதைவிடக் குறைவு."

அவர் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அயன் வேலையை வெளியில் செய்து தருவதாகச் சொல்லியிருந்தவனுக்குத் தொலைபேசி எடுத்து, என் முன்னாலேயே, "இல்லைத் தம்பி, வேண்டாம். இஞ்சயே செய்யிறம்" என்றார். எனக்குப் பாராட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. மேலே போய் அக்கேயிடம் சொன்னேன். அவர் அயனைப் பிடித்தபடியே, "ஹொந்தாய் மிஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். கொஞ்சம் கழித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த பாவாடையை எடுத்தார்.

புது மோட்டர்கள் மாதம் மூன்றாக வந்தன. கடைசி மூன்றும் பொருத்திய கிழமை முதலாளி என்னிடம் நுகேகொடைக் கிளையின் பில்லைத் தந்தார். அங்கே கடையும், பின்னால் சின்னக் களஞ்சியமும் மட்டும்தான்.

"இதையும் ஒருக்காப் பாருங்கோ பிள்ளை. அங்க இருக்கிற மனேஜருக்குச் சொல்லியிருக்கிறன், நீங்கள் சொல்லுறதைச் செய்யச் சொல்லி."

அடுத்த செவ்வாய் போனேன். மனேஜர் சிங்களவர், இளைஞர், மிகவும் பணிவானவர். ஏசியை ஏற்கெனவே இருபத்தாறுக்குக் கூட்டி வைத்துவிட்டதாகவும், களஞ்சியத்தில் ஃபேனை நிறுத்திவிட்டதாகவும், லைட் ஒன்றைத் தவிர மற்றதைக் கழற்றிவிட்டதாகவும் பெருமையோடு சொன்னார். மீட்டரைக் காட்ட முன்னே நடந்தார்.

"மீட்டரைப் பிறகு பார்ப்போம்" என்று சிங்களத்தில் சொன்னேன். "முதலில் களஞ்சியத்தில் வேலை செய்கிறவர்களிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்."

உள்ளே இரண்டு பெண்கள் பெட்டிகளுக்கு நடுவில், அட்டைத்துண்டால் விசிறியபடி உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பினார்கள். சுவரில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டு ஃபேனைப் போட்டேன். பிறகு ஒரு பெட்டியின் மேல் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த இடத்தில் கரண்ட் எங்கே வீணாகிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இளையவள் மெல்லச் சொல்லத் தொடங்கினாள். நான் கொப்பியைத் திறந்தேன்.